திண்ணையில் நாற்பது ஆண்டு!

2023 டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய இரு நாட்களையும் ஏரல் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரையை மதிக்கவில்லை, கடைத்தெருவை ஆறாக்கிற்று. பாத்திரக் கடைகளின் அண்டாவும் குண்டாவும் நீரில் மிதந்தன. பாலம் உடைபட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வெளியூர் செல்ல வழியில்லை.

மேட்டில் வீடிருந்தோர் கதவைத் திறந்தனர். மாடி இருந்தோர் மாடியைத் தந்தனர். பள்ளிக்கூடமும் திருமண மண்டபமும் புகலிடமாயின. ஒரே அண்டாவில் சோறு வெந்தது. ‘நீ எந்தத் தெரு?’ என்று அந்நாட்களில் எவரும் கேட்கவில்லை. உயிர் மிதக்கும்போது ஊர்ப்பெயர் எதற்கு, தெருப்பெயர் எதற்கு என்ற அறிவை வெள்ளம் கற்றுத் தந்தது.

வெள்ளம் வடிந்தது. வீடிருந்தவர் வீடு திரும்பினர். வீடிழந்தவர் மீண்டும் கட்டலாயினர். நன்று. ஆனால், தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். திரும்பிப்போக வீடே இல்லாத ஒரு குடும்பத்தைப் பார்த்து ஊர் இப்படிச் சொல்லியிருந்தால்? ‘பள்ளிக்கூடத் திண்ணையில் இருந்துகொள். உன்னை வெள்ளத்தில் தள்ளமாட்டோம். சோறு தருவோம், துணி தருவோம். ஆனால் ஊருக்குள் மனை வாங்காதே. ஊர்க்கூட்டத்தில் கை தூக்காதே. நாங்கள் வந்து எண்ணும் நாளில் வெளியே போகாதே. உன் பிள்ளை இந்தத் திண்ணையிலேயே பிறக்கட்டும். உன் பேரனும் இங்கேயே பிறக்கட்டும்.’

காப்பாற்றியது அறம்; ஐயமில்லை. காப்பாற்றியபின் நாற்பது ஆண்டு திண்ணையிலேயே வைத்திருப்பது அறமா? இக்கேள்வி கற்பனையன்று. நம் மாவட்டத்துத் தாப்பாத்தியிலும் தாளமுத்துநகரிலும் உள்ள முகாம்களில் இக்கேள்வி வாழ்கிறது.

நம்மோடு பாளையங்கோட்டையில் பட்டப்படிப்புப் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். தேர்வில் நம்மை முந்தியவர். கற்றபின் நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்தோம். அவர் வண்ணமடிக்கும் வேலைக்குப் போனார். அறிவில் குறைவா? இல்லை. முயற்சியில் குறைவா? அதுவும் இல்லை. அரசுப் பணித் தேர்வுக்கான விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே எழுத அவரிடம் சொல் இல்லை. சென்ற ஆண்டு ஏரலில் ஒரு புதுவீட்டுக்கு வண்ணமடிக்க வந்தார். மாலையில் நம்முடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் திடீரென எழுந்தார். “நாளை முகாமில் தணிக்கை. ஆள் இல்லையென்றால் தொல்லை. வருகிறேனப்பா” என்றார். பேருந்து ஏறினார்.

அவருடைய கதையைக் கேளுங்கள். கொள்ளுப்பாட்டனார் நம் நெல்லைச் சீமையின் வறண்ட சிற்றூர் ஒன்றிலிருந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பாட்டனார் 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடினார். தந்தை 1990இல் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கினார். நண்பர் இங்கே, முகாமில், பிறந்தார். எந்தக் கரையிலிருந்து குடும்பம் புறப்பட்டதோ அதே கரைக்கு அது திரும்பிவிட்டது. ஆனால் போகும்போது அவர்களுக்கு ஊர் இருந்தது. திரும்பியபோது முகாம்தான் இருந்தது!

இது எப்படி நேர்ந்தது? வரலாற்றைச் சிறிது புரட்டுவோம்.

1948 நவம்பர் 15இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் சேர்ந்தோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்து அறையில் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? பல இலட்சம் உழைப்பாளர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த மாதம், டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் மன்றம் மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்கிறது அதன் 15ஆம் பிரிவு. உலகம் உரிமை முழங்கிய வேளையில், தேயிலை மலையில் உரிமை பறிக்கப்பட்டிருந்தது!

அவர்கள் வாளாயிருக்கவில்லை, நீதி கேட்டனர். எந்தச் சமூகத்தின்மீதும் பிறருக்கில்லாத தடையைச் சுமத்தலாகாது என்று அன்றைய இலங்கை அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறியது. அதைக் காட்டி வாக்குரிமை கேட்ட கோடக்கன் பிள்ளை வழக்கு, இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953இல் தீர்ப்பு வந்தது. தன் குடிமக்கள் யார் என வரையறுப்பது நாட்டின் உரிமை. சட்டம் செல்லும் என்றனர் நீதிபதிகள். கதவு மூடப்பட்டது.

பிறகு கணக்குப் போடும் காலம் வந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம்! 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று பங்கிட்டனர். பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரிப்பவன்கூட எந்த மாடு எந்தக் கன்றுக்குத் தாய் என்று பார்ப்பான். இங்கே அதுவும் முழுதாய்ப் பார்க்கப்படவில்லை. தம்பி இங்கே, அண்ணன் அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. ஒப்பந்தக் கணக்கு முடியாமலே கலவரக் கணக்கு தொடங்கியது.

1983க்குப் பிறகு தமிழகத்துக்கு ஏதிலியராய் வந்தோர் 3,04,269 பேர் என்று 2021இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் கூறியது. அவர்களில் 58,822 பேர் 108 முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியிலும் அப்போது வாழ்ந்துவந்தனர். அவ்வாண்டே முகாமின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. 7,469 வீடுகள் கட்டித்தரத் திட்டம் வந்தது. உதவித்தொகை உண்டு, அரிசி உண்டு, கல்வி உண்டு. இவற்றைப் பாராட்டுகிறோம். பெயர் மாறியது, கூரை மாறியது. குடியுரிமை மட்டும் மாநில அரசின் கையில் இல்லை, மைய அரசின் கையில் இருக்கிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கிறது. குடிமகனுக்கு மட்டுமன்று, இம்மண்ணில் நிற்கும் எந்த மனிதனுக்கும். 19ஆம் பிரிவோ இந்நாட்டில் வசிக்கவும் குடியமரவும் உரிமை தருகிறது. அது குடிமகனுக்கு மட்டும். ஒரு பிரிவு ‘வாழ்’ என்கிறது. மற்றொன்று ‘வேரூன்றாதே’ என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் முகாம்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த சமயத் தொண்டர் லூயி டி ராட், 1937இல் இந்தியா வந்து, அரை நூற்றாண்டு இங்கே வாழ்ந்தவர். வெளியேறுக என்று ஆணை வந்தது, உச்சநீதிமன்றம் சென்றார். அயலாருக்கு 21ஆம் பிரிவு உண்டு, குடியமரும் உரிமை இல்லை என்று 1991இல் தீர்ப்பாயிற்று. ஐம்பது ஆண்டு தராசுத் தட்டில் வைக்கப்பட்டது, எடை காட்டவில்லை!

2025 மே திங்களில், இலங்கைத் தமிழர் ஒருவர் தம்மை நாடு கடத்தலாகாது என்று தொடுத்த வழக்கிலும் உச்சநீதிமன்றம் அதே கோட்டில் நின்றது. எல்லா நாட்டாரும் வந்து தங்க இந்தியா என்ன சத்திரமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. சத்திரமில்லை என்பதை ஒப்புகிறோம். சத்திரத்தில் மூன்று நாள் தங்குவான் வழிப்போக்கன். அங்கே மூன்று தலைமுறை பிறப்பதில்லை. பிறந்து, படித்து, மணந்து, மடிந்துகொண்டிருக்கும் இடத்துக்குச் சத்திரம் என்று பெயர் வைத்தால் பிழை பெயரில்தான் இருக்கிறது!

மறுபக்கக் குரலும் நீதிமன்றத்திலிருந்தே எழுந்ததுண்டு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து 1964 முதல் வந்து அருணாசலத்தில் குடியேறிய சக்மா மக்களை விரட்ட முனைந்தபோது, மனித உரிமை ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1996இல் உச்சநீதிமன்றம் அவர்களின் உயிரைக் காக்க ஆணையிட்டதோடு நிற்கவில்லை. அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மைய அரசுக்கு அனுப்பவும், முடிவு வரும்வரை வெளியேற்றாதிருக்கவும் ஆணையிட்டது. 2019 ஜூனில், மலையக வழிவந்த 65 பேர் தொடுத்த வழக்கில், நீண்ட காலம் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் வைத்திருப்பது 21ஆம் பிரிவுக்கே இழுக்கு என்றது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆம், தோழர்களே! உயிர் என்பது மூச்சு மட்டுமன்று என்பதை அத்தீர்ப்பு உணர்ந்தது. ஆனால் அதுவும் ‘குடியுரிமை கொடு’ என ஆணையிடவில்லை. ‘விண்ணப்பத்தைப் பரிசீலனை செய்’ என்றுதான் கூற முடிந்தது.

குடியுரிமைச் சட்டத்தில் ஒரு தேதி உண்டு: 1987 ஜூலை 1. அதற்குமுன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அன்றோ, அதன் பின்னரோ பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் குடிமகனாய் இருந்தாக வேண்டும். 2004க்குப் பின் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் இத்தேதியைக் காட்டி நீதிமன்றம் சென்றார்; 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணை பிறந்தது; 2024 ஏப்ரலில் திருச்சியில் தம் வாழ்வின் முதல் வாக்கை அளித்தார். மகிழ்கிறோம். ஆனால் அடுத்த அறையில், 1987 ஆகஸ்டில், அதே மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தை? அது அயல்!

பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்று கூறிய வருணத்தை எதிர்த்தோமே, எதற்காக? தான் செய்யாத ஒன்றுக்காக, தான் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காக, ஒருவன் வாழ்நாள் முழுதும் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அறிவுக்கு ஒவ்வாது என்பதற்காக. தலையில் பிறந்தான், காலில் பிறந்தான் என்ற கதையை நகைத்துத் தள்ளிய நாம், ஜூனில் பிறந்தான், ஆகஸ்டில் பிறந்தான் என்ற கணக்கைப் பயபக்தியோடு ஏற்கலாமா?

மாற்றார் கூறுவதையும் கேட்போம்; கேளாமல் பேசுவது பகுத்தறிவன்று.

‘எல்லை என்று ஒன்று இருந்தால்தானே நாடு? மனித உரிமை என்று மனுப்போட்டவர்க்கெல்லாம் குடியமரும் உரிமை தந்தால் எல்லை எதற்கு?’ என்கின்றனர். இது விளையாட்டுக் கேள்வியன்று. எவர் நுழையலாம் என்று முடிவு செய்ய நாட்டுக்கு உரிமை உண்டு. பொய்யுரைத்து நுழைவோரும் உண்டு. ஆனால் நாம் பேசுவது வாயிலில் நிற்பவனைப் பற்றியன்று. வரவேற்று, பதிவு செய்து, அடையாள அட்டை தந்து, பள்ளியில் சேர்த்து, நாற்பது ஆண்டு எண்ணி எண்ணி வைத்திருப்பவனைப் பற்றி. அவன் ஒளிந்து வாழவில்லை. அரசின் ஏட்டில் வாழ்கிறான். 2025 செப்டம்பரில் மைய அரசே, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. குற்றவாளி அல்லன் என்று கூறியாயிற்று. பிறகு யார் அவன்? அதைக் கூறவில்லை.

‘ஏதிலியாய் இருந்த ஆண்டுகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?’ என்பது அடுத்த கூற்று. இது பிரிட்டனிலும் கேட்ட குரல். அங்கே குடும்ப வாழ்வுக்குள்ள மனித உரிமையைக் காட்டி மேல்முறையீட்டில் வென்றவருக்கும் உடனே நிலையான குடியமர்வு கிடைத்துவிடவில்லை; 2012 விதிகள் முப்பது மாதத் தவணையாய் அனுமதி தந்து, பத்தாண்டு கடந்தபின்பே நிலைபெற வழி வைத்தன. 2014இல் வந்த சட்டமோ, நிலையற்ற அனுமதியில் இருந்தபோது அமைத்துக்கொண்ட வாழ்வுக்கு நீதிபதி சிறிதளவு எடையே தரவேண்டும் என்றது. பாருங்கள் வேடிக்கையை! நிலையற்ற அனுமதியைத் தருவது அரசு. அதைத் தவணை தவணையாய் நீட்டுவது அரசு. பிறகு, ‘நீ நிலையற்றவனாய் இருந்தாய், ஆகவே உன் ஆண்டுகள் எடையற்றவை’ என்பதும் அரசு! வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, ‘நீ உள்ளே இருந்ததே இல்லையே’ என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எனினும் ஒன்று உண்டு: அங்கே பத்தாண்டுக்குப் பின்னேனும் ஒரு வழி இருக்கிறது. நம் முகாமில் நாற்பதுக்குப் பின்னும் இல்லை.

மூன்றாவது கூற்று நம்மவர் சிலருடையது: ‘இங்கே குடியுரிமை தந்தால் ஈழத்தில் அவர்களின் உரிமை என்னாவது?’ நல்லெண்ணத்தில் எழும் கேள்விதான். ஆயின் உரிமை கொடுப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. திரும்ப விரும்புவோர் மானத்தோடு திரும்பட்டும். அவர்களின் நிலமும் வீடும் அவர்களுக்குக் கிடைக்கட்டும். இங்கேயே வாழ விரும்புவோர் இங்கே நிலைபெறட்டும். மலையக வழிவந்தோருக்கு அங்கே திரும்பிச் செல்லச் சொந்த நிலமும் இல்லை. ஒரு கொள்கையின் வெற்றிக்காக உயிருள்ள மனிதனைத் திண்ணையில் அடகு வைக்கலாகாது.

இறுதியாக, நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, கசப்பானது. இவர்களுக்காக நாம் பரிவது ஏன்? தமிழர் என்பதனாலா? தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்குகிறோம், உணர்ச்சி உண்மையானது. ஆனால் அதுவே நம் வாதம் என்றால், அது எங்கே கொண்டுபோய் விடும்? 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரில் ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. முஸ்லிம்களை விட்டது, இலங்கையை முற்றிலும் விட்டது. ‘எங்கள் தமிழரையும் சேர்’ என்று மட்டும் நாம் கேட்டால், சமயத்தால் பிரித்த அந்தத் தராசை ஏற்றுக்கொண்டு, நமக்கும் ஒரு படி அள்ளக் கேட்டவராவோம். தராசே தவறு என்று கூறவேண்டாமா?

ஆகவே அளவுகோல் குருதியன்று, சமயமன்று; வாழ்ந்த வாழ்வும் உழைத்த உழைப்பும். சக்மா மக்களுக்கும் அதுவே அளவுகோல். பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோகிங்கியருக்கும் அதுவே அளவுகோல். தமிழனுக்கு வேண்டும், மற்றவனுக்கு வேண்டாம் என்றால் அது அறமன்று, உறவு முறை. உறவு முறை திருமண வீட்டுக்குப் போதும், நாட்டுக்குப் போதாது.

ஹிட்லரின் ஆட்சியில் 1933இல் ஜெர்மனியைவிட்டு ஓடி, பல ஆண்டு நாடற்றவராய் அலைந்த ஹன்னா ஆரெண்ட் என்ற அறிஞர், 1951இல் வெளியிட்ட தம் நூலில் இதைத் தெளிவாக்கினார்: மனிதன் தன் சொல்லுக்கும் செயலுக்கும் மதிப்புள்ள ஓர் இடத்தை இழக்கும்போதுதான், மனித உரிமை அனைத்தையும் இழக்கிறான். சோறு கிடைக்கலாம், கூரை கிடைக்கலாம்; அவன் ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் எவருக்கும் பொருட்டில்லை. நம் நண்பரின் வறுமை பணத்தில் இல்லை, இதில் இருக்கிறது.

நாம் கேட்பது கருணையன்று, கால எல்லை. புகலிடம் தருவதா என்று ஆராய அரசு காலம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் தந்தபின், இத்தனை ஆண்டு வாழ்ந்தவர் குடியுரிமை கேட்கலாம், கேட்டால் காரணமின்றி மறுக்கலாகாது என்று சட்டம் எழுதப்படவேண்டும். இம்மண்ணில் பிறந்த குழந்தை எந்நாட்டுக்கும் உரியதன்று என்ற நிலை நீங்கவேண்டும். அதுவரை சட்டம் பயிலும் தோழர்கள் முகாம்களுக்குச் செல்லட்டும். பிறப்புச் சான்றும் பதிவுச் சான்றும் தேடி எடுத்து விண்ணப்பம் எழுத உதவட்டும். ஒரு தேதியைக் காட்டி ஒரு பெண்மணி வாக்குரிமை பெற்றார். ஏட்டில் உறங்கும் தேதிகள் இன்னும் எத்தனையோ!

வெள்ள நாளில் நம் ஊர் கதவைத் திறந்தது. அன்று காட்டிய மனிதத்தன்மை மூன்று நாள் மனிதத்தன்மையாய் முடிந்துபோகலாமா? நண்பர் அடுத்தமுறை ஏரலுக்கு வரும்போது, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுத் தணிக்கைக்கு ஓடாமல் நம்மோடு அமர்ந்து பேசவேண்டும். திண்ணையில் அன்று, வீட்டுக்குள்ளே!